கொதித்து ஆறிய தண்ணீரும் ஒரு மின்சாரக் காரும்

கொதிக்க வைத்து, ஆற வைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டிய தண்ணீர் ஒரு காரைக் கெடுத்துவிடுமா?

இரண்டு வருடமாக இந்தக் கேள்வி என்னிடம் இருக்கிறது. மகளுக்குச் சோறு பிசையும்போது வரும். துணி காயப்போடும்போது வரும். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தால் கட்டாயம் வரும். யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால், "எதுக்குக் கேக்கறே?" என்று திருப்பிக் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பயம்தான்.

எங்கள் வீடு குரோம்பேட்டையில், ரயில் பாதைக்கு மேற்கே, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில். நான், என் கணவர், ஒரே மகள். கணவருக்குக் கிண்டி தொழிற்பேட்டையில் வேலை. நான் பட்டப்படிப்பு முடித்து, இரண்டு வருடம் ஓர் அலுவலகத்தில் கடிதம் தட்டச்சு செய்து, மகள் பிறந்ததும் நின்றுவிட்டேன்.

மகளுக்கு இரண்டு வயதில் வீசிங் ஆரம்பித்தது. மழை வந்தாலும் இளைப்பு, பனி வந்தாலும் இளைப்பு. புகையும் தூசியும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். நாங்கள் எங்கே போனாலும் ஸ்கூட்டரில்தான் போவோம். ஜி.எஸ்.டி. ரோட்டில், லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில், என் துப்பட்டாவால் அவள் முகத்தை மூடிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மூடினால் மூச்சு முட்டுமோ என்று எடுப்பேன். எடுத்தால் புகை போகுமோ என்று மறுபடி மூடுவேன்.

அப்போதுதான் கணவர் ஒரு கண்காட்சியில் அந்தக் காரைப் பார்த்துவிட்டு வந்தார். மின்சாரத்தில் ஓடுவது. இரண்டே கதவு. முன்னால் இரண்டு பேர், பின்னால் குழந்தைகள் மட்டும் உட்காரலாம். வழவழப்பான தாளில் அச்சடித்த விளம்பரத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்தார்.

"புகையே கிடையாதும்மா. ஒரு தடவை சார்ஜ் பண்ணா ஆபீஸ் போயிட்டு வந்து, மறுபடி போயிட்டு வரலாம். இதுதான் கம்மி விலையில வர்ற மின்சாரக் கார்."

கம்மி விலை என்றாலும், அந்த விலைக்கு நான்கு கதவு வைத்த நல்ல பெட்ரோல் காரே பழசில் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். உள்ளறையில் மகள் இருமினாள். "சரிங்க," என்றேன்.

எலுமிச்சை மஞ்சள் நிறத்தில் கார் வந்தது. தெருவே வந்து பார்த்தது. முதலில் பாதிக்கப்பட்டவர், கோவளம் பக்கத்துக் கடலோரக் கிராமத்திலிருந்து கூடையோடு வரும் மீன்கார அக்கா. தெருவின் நடுவில் நடந்துகொண்டிருந்தவர் பின்னால் என் கணவர் காரைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். எஞ்சின் சத்தம் இல்லாததால் அவருக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்து அலறிவிட்டார். மேலே வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா, உங்க வூட்டுக்காரரு பூனையாட்டம் பின்னாலயே வந்து நின்னுகினு கீறாரு! ஆரனாச்சும் அடிக்கச் சொல்லு. என் வஞ்சிரம் ரோட்டுல வியுந்துதுன்னா துட்டு நீ குடுப்பியா, உன் காரு குடுக்குமா?"

அன்றிலிருந்து என் கணவர் தெருமுனையிலேயே ஹாரன் அடித்துக்கொண்டு வருவார். சத்தமில்லாத காரை வாங்கிவிட்டு, தெருவிலேயே அதிக சத்தம் போடுகிறவர் அவர்தான் என்று பெயரானது.

அடுத்த பிரச்சினை சார்ஜ். காரை நிறுத்தும் கீழ்த்தளத்தில் ஒரு பிளக் பாயின்ட் வைக்கக் குடியிருப்புச் சங்கத்தில் அனுமதி கேட்டோம். அங்கே இருப்பது பொது மீட்டர். எங்களுக்கென்று தனி மீட்டர் வைத்து ஒயர் இழுத்துக்கொள்கிறோம் என்றும் சொன்னோம். செயலாளர் ஓய்வு பெற்றவர். கூட்டத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"சார், இன்னிக்கு நீங்க காருக்கு பிளக் கேப்பீங்க. நாளைக்கு ஒருத்தர் கிரைண்டரைத் தூக்கிட்டு வந்து கீழ மாவாட்டுவார். நான் யாரை நிறுத்தறது?"

எல்லோரும் சிரித்தார்கள். கோரிக்கை அத்துடன் முடிந்தது. பிறகு என் கணவர் எங்கள் பால்கனியிலிருந்தே ஒயர் இறக்க ஏற்பாடு செய்தார். பால் பாக்கெட்டும் கீரைக்கட்டும் மேலே இழுக்க நைலான் கயிற்றில் ஒரு பிளாஸ்டிக் கூடை கட்டி வைத்திருந்தேன். அதே கூடையில் கனமான ஒயரின் முனையை வைத்து இறக்கினேன். சாயங்காலம் ஹாரன் கேட்டதும் மகள் பால்கனிக்கு ஓடுவாள். "காருக்கு மம்மு! காருக்கு மம்மு!" கீழிருந்து அவர், "கரண்டை இறக்கும்மா," என்பார். எதிர்வீட்டுப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். கார் சாப்பிடும்போது எங்கள் வீட்டில் கீசர் போடக்கூடாது, இஸ்திரிப் பெட்டி போடக்கூடாது, வாஷிங் மெஷின் ஓடக்கூடாது. போட்டால் ஃபியூஸ் போய்விடும்.

இனி பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேற்குத் தாம்பரத்தில் பேட்டரிக் கடை வைத்திருப்பவர். ஐம்பது வயதிருக்கும். காரை விற்ற கடை சென்னை நகரத்துக்குள் இருந்தது. கிண்டியிலிருந்து கூடுவாஞ்சேரி வரை இருந்த இந்தக் கார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், அவற்றுக்கெல்லாம் இவர் ஒருவரையே நியமித்திருந்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மொபெட்டில் நீல நிறக் கேனைக் கட்டிக்கொண்டு வருவார். அவர் சட்டையின் வயிற்றுப் பக்கம் முழுவதும் குண்டூசியால் குத்தியதுபோல் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். பேட்டரி ஆசிட் தெறித்து விழுந்த ஓட்டைகள்.

முதல் நாள் முன்சீட்டைத் தூக்கிக் காட்டினார். கீழே வரிசையாக எட்டு பேட்டரிகள், தலையில் சிவப்பு மூடிகள்.

"இதான் சார் வண்டி. மீதியெல்லாம் சும்மா டப்பா. உள்ள ஆசிட் தண்ணி கீது. ஓட ஓட தண்ணி ஆவியாப் பூடும். பிளேட்டு வெளிய தெரியக் கூடாது. தெரிஞ்சா காஞ்சு செத்துடும். டயத்துக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊத்தணும். அத்த வுட்டா வேற எந்தத் தண்ணியும் வேணாம்."

"வேற தண்ணி ஊத்தினா?" என்று கேட்டது நான்தான். எனக்கு எல்லாவற்றிலும் தப்பு நடந்தால் என்ன ஆகும் என்று முதலில் தெரிய வேண்டும்.

"உப்பு சேந்துக்கும்மா. கொஞ்சம் கொஞ்சமா கொன்னுடும்."

காருக்குள் ஓர் அட்டையைத் தொங்கவிட்டு, வரும்போதெல்லாம் தேதி போட்டுக் கையெழுத்திடுவார். கிளம்பும்போது மகளைப் பார்த்து, "பாப்பா, உன் வண்டி தண்ணி குச்சிட்ச்சு, நீ குச்சியா?" என்று கேட்பார். மகள் ஓடிப்போய் டம்ளரைக் கொண்டுவந்து அவர் முன்னாலேயே குடித்துக் காட்டுவாள்.

அந்த வருடம் மின்வெட்டும் தொடங்கியது. எங்கள் பக்கம் காலையில் இரண்டு மணி நேரம் போகும், மாலையில் சொல்லாமல் கொள்ளாமல் போகும். கார் பாதி வயிற்றோடு நிற்கும். "பாதி சார்ஜுல எடுத்துடாதீங்க சார், பேட்டரி பேஜாராயிடும்," என்பார் பாய். "ஆபீசுக்கு யார் பாய் பதில் சொல்றது?" என்று சொல்லிவிட்டு என் கணவர் எடுத்துக்கொண்டு போவார்.

ஐப்பசியில் அவரை ஆறு வாரப் பயிற்சிக்குப் புனேவுக்கு அனுப்பினார்கள். கார் என் பொறுப்பு. கியர் இல்லை, கிளட்ச் இல்லை என்பதால் நான் அதைச் சீக்கிரமே ஓட்டக் கற்றிருந்தேன். கிளம்பும்போது மகளைப் பற்றி நான்கு விஷயம் சொன்னார், காரைப் பற்றி ஐந்து. "முக்கியமா தண்ணி. பாய் வந்தாரான்னு பாத்துக்கோ. பிளேட் காஞ்சா போச்சு, எட்டு பேட்டரியும் மாத்தணும்."

அவர் போன மூன்றாம் நாள் மழை பிடித்தது. மகளுக்கு இளைப்பு அதிகமாகி, காலையும் மாலையும் நெபுலைசர் வைக்கச் சொன்னார் டாக்டர். ஆஸ்பத்திரி ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். ரயில்வே கேட் மூடினால் இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். சுற்றிலும் ஆட்டோவும் லாரியும் எஞ்சினை அணைக்காமல் புகை கக்கிக்கொண்டு நிற்கும். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்பேன். எங்கள் காரில் மட்டும் ஒரு சத்தமும் இருக்காது. மகள் பின்சீட்டில் மூச்சு விடுவது எனக்குத் தெளிவாகக் கேட்கும். அந்தக் காரை வாங்கியது சரிதான் என்று நான் சந்தேகமே இல்லாமல் நினைத்தது அந்த ரயில்வே கேட்டில் மட்டும்தான்.

அந்த வாரம் பாய் வர வேண்டிய நாளில் வீட்டுத் தொலைபேசி அடித்தது.

"ம்மா, பேட்டரிக் கடை பாய் பேசறேன். இந்த வாட்டி வர முடியாதும்மா. அடையார்ல ஒரு வண்டி படுத்துக்கிச்சுன்னு அங்க அனுப்பிட்டாங்க. சாரும் ஊர்ல இல்லல்ல? நீங்களே ஒரு டிஸ்டில்ட் வாட்டர் கேன் வாங்கி ஊத்திடுங்க. பிளேட்டு முழுகற அளவுக்கு. பயப்படாதீங்க, கையில மட்டும் பட்டுக்காதீங்க."

"சரி பாய்," என்றேன்.

கேன் வாங்கப் போனேன். பக்கத்திலிருந்த இரண்டு கடைகளும் வாசலில் தண்ணீர் நின்றதால் மூடியிருந்தன. பெட்ரோல் பங்க்கில், "ஸ்டாக் இல்லக்கா, நாளைக்கு வாங்க," என்றார்கள். மறுநாளும் அதையே சொன்னார்கள். வீட்டுக்கு வந்து சீட்டைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். நான்கைந்து பேட்டரிகளில் பிளேட்டின் தலை தண்ணீருக்கு மேலே தெரிந்தது. கார் ஓடாவிட்டால் சாயங்காலம் மழையில் ஆட்டோவில் போக வேண்டும். ஓட்டினால் பிளேட் காயும். மகள் இடுப்பில் இருந்தபடி இருமிக்கொண்டிருந்தாள்.

சமையலறையில் அவளுக்காகத் தினமும் தயார் செய்யும் தண்ணீர் இருந்தது. எவர்சில்வர் பாத்திரத்தில் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, ஆற வைத்து, பழைய வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டியது. என் குழந்தை குடிக்கும் தண்ணீர். இதைவிடச் சுத்தமான தண்ணீர் அந்தக் குடியிருப்பிலேயே இல்லை என்று நினைத்தேன். இவளுக்கு ஒத்துக்கொள்வது பேட்டரிக்கு ஒத்துக்கொள்ளாதா என்று நினைத்தேன்.

தெரியாமல் செய்தேன் என்று எழுதத்தான் ஆசை. பிளஸ் டூவில் வேதியியல் படித்தவள் நான். அதைவிட, அந்தப் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளை உப்பை வாரம் ஒருமுறை புளி போட்டுத் தேய்ப்பவளும் நான்தான். எங்கள் போர் தண்ணீர் கொதித்தால் கிருமி சாகும், உப்பு எங்கும் போகாது என்று என் கைக்கே தெரியும்.

ஆனாலும் ஊற்றினேன். அளவு தவறக் கூடாதே என்று மகளின் பழைய பால் புட்டியை எடுத்தேன். அதில்தான் கோடு போட்டிருக்கும். புனலை வைத்து, ஒவ்வொரு மூடியாகத் திறந்து, புட்டியால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். குனியும்போது துப்பட்டாவின் முனை எதிலோ பட்டிருக்கிறது. துவைத்த பிறகுதான் தெரிந்தது, பாயின் சட்டையில் இருப்பதுபோலவே வரிசையாகச் சின்ன ஓட்டைகள்.

சாயங்காலம் கணவர் போன் செய்தார். "காருக்குத் தண்ணி?"

"ஊத்தியாச்சுங்க."

"குட். பாப்பா?"

கார் எப்போதும்போல ஓடியது. அதுதான் எனக்குத் தைரியம் கொடுத்தது. அடுத்த முறையும் பாய் போன் செய்து வர முடியவில்லை என்றார். அப்போதும் பங்க்கில் ஸ்டாக் இல்லை. மறுபடி புட்டியை எடுத்தேன். மூன்றாவது முறையும் போன் வந்தது. அன்று மழை விட்டிருந்தது, பால்கனியிலிருந்தே பார்த்தேன், கேன் விற்கும் பக்கத்துக் கடை திறந்திருந்தது. மகள் அப்போதுதான் தூங்கியிருந்தாள். தண்ணீர் கையில் தயாராக இருந்தது. இரண்டு முறை ஒன்றும் ஆகவில்லையே என்று ஊற்றிவிட்டேன். முதல் இரண்டு முறைக்கும் என்னிடம் காரணம் இருக்கிறது. அந்த மூன்றாவது முறைக்கு இல்லை.

கணவர் திரும்பி வந்தார், பாயும் வழக்கம்போல வர ஆரம்பித்தார். தை மாதத்திலிருந்து காரின் மூச்சு குறைய ஆரம்பித்தது. ஆபீசிலிருந்து வரும்போது பல்லாவரம் தாண்டுவதற்குள் சார்ஜ் முள் சிவப்புக்குப் போய்விடும். ஏ.சி.யை நிறுத்தினார். பிறகு ரேடியோவை நிறுத்தினார். பிறகு, "கொஞ்சம் பேசாம வா," என்று என்னிடமே சொன்னார், நான் பேசினால் சார்ஜ் குறையும் என்பதுபோல.

எல்.கே.ஜி. நேர்காணலுக்காக மகளைத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கு அழைத்துக்கொண்டு போனோம். சானடோரியம் தாண்டியதும் கார் மெதுவாகி, ஜி.எஸ்.டி. ரோட்டின் நடுவில் நின்றுவிட்டது. நான் இறங்கித் தள்ளினேன். என் பட்டுப்புடவை, அவருடைய டை, பின்சீட்டில் ரிப்பன் கட்டிய குழந்தை. பின்னால் வந்த ஷேர் ஆட்டோ டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"சார், சாவி குடுக்க மறந்துட்டீங்களா? பின்னாடி ஓட்டை இருக்கும் பாருங்க, நாலு திருகு திருகுங்க, ஓடும்!"

ஆட்டோவில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். காரை ஓரமாகத் தள்ளி நிறுத்திவிட்டு நாங்கள் அதே ஆட்டோவில்தான் ஏறிப் போனோம். நேர்காணலில் ஆசிரியை மகளிடம், எப்படி வந்தீர்கள் என்று கேட்டார். "எங்க கார் செத்துப்போச்சு மிஸ்," என்றாள். இடம் கிடைத்துவிட்டது.

மறுநாள் காலை கீழ்த்தளத்தில் பாய் சீட்டைத் தூக்கி, கண்ணாடிக் குழாயால் ஒவ்வொரு பேட்டரியிலிருந்தும் ஆசிடை உறிஞ்சி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தூண் பக்கம் நின்றேன்.

"ரெண்டு பூட்ச்சு சார். மூணாவது கெடையில கீது."

"எப்படி பாய்? ஒரு வருஷம்கூட ஆகலையே."

"ஒண்ணா ரெண்டா சார்? கரண்ட் ஒயுங்கா இல்ல. பாதி சார்ஜுல ஓட்றீங்க. பிளேட்டு காஞ்சிருந்தாலும் இப்டி ஆவும்." ஒரு நிமிடம் குழாயையே பார்த்தார். "வேற தண்ணி எதுனா ஊத்துனீங்களா?"

என் கணவர் உள்ளே தொங்கிய அட்டையைப் பிடித்து இழுத்தார். "யார் ஊத்தறது? தண்ணி ஊத்த வேண்டியது நீங்க. இங்க பாருங்க, மூணு தடவை கையெழுத்தே இல்ல!" என் பக்கம் திரும்பினார். "ஊத்தியாச்சுன்னு சொன்னியே?"

"நான்தாங்க ஊத்தினேன். பங்க்ல கேன் வாங்கி," என்றேன். அவ்வளவு இயல்பாக வந்தது.

"பாத்தீங்களா? மழையில, உடம்பு சரியில்லாத குழந்தையை வெச்சுக்கிட்டு, உங்க வேலையை இவ செஞ்சிருக்கா. இவ துப்பட்டாவைப் பாருங்க, எத்தனை ஓட்டை! வர முடியலைன்னு ஒரு போன் பண்ணிச் சொல்ல மாட்டீங்களா?"

பாய் என்னைப் பார்த்தார். மூன்று முறை போன் செய்தவர் அவர். எடுத்தவள் நான். 'பண்ணினாருங்க' என்று ஒரு சொல் போதும். ஆனால் ஒரு சொல்லைத் திறந்தால் பின்னாலேயே மற்றதெல்லாம் வந்துவிடும் என்று தோன்றியது. மகளின் செருப்பு வார் அவிழ்ந்திருந்தது. குனிந்து அதை மாட்டினேன்.

"மழை சார்," என்றார் பாய். "வர முடியல. தப்புதான்."

அன்று மதியம் காரை விற்ற கடைக்குக் கணவர் புகார்க் கடிதம் சொல்லச் சொல்ல, நான் ஆங்கிலத்தில் எழுதினேன். எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும் என்பதில் அவருக்குப் பெருமை. "சொல்லாம கொள்ளாம மூணு தடவை வரலைன்னு எழுது," என்றார். 'முன்னறிவிப்பு ஏதுமின்றி' என்பதற்கு அலுவலகக் கடிதங்களில் வரும் அழகான ஆங்கிலச் சொற்றொடர் ஒன்றை எழுதினேன். படித்துவிட்டு, "இதுதான் சரி, நச்சுனு இருக்கு," என்றார்.

பதில் உடனே வந்தது. வருத்தம் தெரிவித்திருந்தார்கள், இரண்டு பேட்டரிகளை மாற்றித் தந்தார்கள். பாயை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டதாகவும் எழுதியிருந்தார்கள். அதன்பின் நகரத்திலிருந்து ஒருவர் இரண்டு முறை வந்தார், பிறகு வரவில்லை. ஆறு பழசும் இரண்டு புதுசும் ஒத்துப்போகாமல் மற்றவையும் ஒவ்வொன்றாகப் போயின. இப்போது கார் கீழே உறை போட்டு நிற்கிறது. மகள் சில நாள் உள்ளே உட்கார்ந்து ஹாரன் சத்தத்தை வாயாலேயே போடுவாள்.

கீழ்வீட்டுக்காரர் இதேபோல் ஒன்று வாங்க நினைத்திருந்தார். என் கணவரிடம் கேட்டார். "கார் நல்ல கார்தாங்க. பாத்துக்கற ஆள்தான் ஏமாத்திட்டார்," என்றார் இவர். அவர் டீசல் கார் வாங்கினார். தினமும் காலையில் எங்கள் பால்கனிக்கு நேர் கீழே அது கிளம்பும்போது, நான் ஓடிப்போய் மகளின் அறை ஜன்னலைச் சாத்துகிறேன்.

சில மாதங்களுக்கு முன் எல்லோரையும்போல நாங்களும் இன்வெர்ட்டர் வாங்கினோம். அதன் பேட்டரிக்கும் தண்ணீர் வேண்டும். ஒருநாள் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, மேற்குத் தாம்பரம் கடைத்தெருவில் ஒரு பேட்டரிக் கடையில் ஏறினேன். அது பாயின் கடை என்று ஏறிய பிறகுதான் தெரிந்தது, உள்ளே அவர் உட்கார்ந்திருந்தார். திரும்பிப் போக நினைத்தேன், அதற்குள் பார்த்துவிட்டார்.

"வாங்கம்மா. பாப்பா எப்டி கீது? இளைப்பு தேவலாமா?"

"தேவலாம் பாய்."

"வண்டி?"

"நிக்குது."

"நல்ல வண்டிம்மா அது. பாவம், நம்ம ஊர்ல வந்து மாட்டிக்கிச்சு." அலமாரியைக் காட்டினார். அந்தக் காரின் பழுதுபார்ப்பு விளக்கப் புத்தகம் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. "இந்த வண்டிங்க நெறய வரும், நீதான் இந்தப் பக்கத்துக்கே ஆளுன்னாங்க. ராவும் பகலும் குந்திப் படிச்சேன். சரி, வுடுங்க. இன்னா வேணும்?"

சொன்னேன். சுவரோரம் அடுக்கியிருந்ததிலிருந்து ஒரு கேனை எடுத்தார். கைப்பிடியில் சணல் கட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"குரோம்பேட்டை பங்க்குக்கு நம்ம கேன்தான் போவுது. வேற யாரும் போடறதில்ல. அந்த மழைல ஒரு மாசம் போட முடியலம்மா. ரோடெல்லாம் தண்ணி."

அன்று கீழ்த்தளத்தில் நான் சொன்ன பொய் அவருக்கு அந்த நிமிடமே தெரிந்திருக்கிறது. தெரிந்தும், தப்புதான் என்று தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறார். கேனை என் கையில் கொடுத்தார்.

"இத்த மட்டும் ஊத்துங்க, இன்னா?"

என் தண்ணீர்தான் காரைக் கெடுத்ததா என்று கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் ஓர் ஆட்டோக்காரர் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். நான் இறங்கிவிட்டேன்.

அந்தக் காரை நான் குறை சொல்ல மாட்டேன். விலை குறைவாக வர வேண்டும் என்றுதானே அந்தப் பழைய வகைப் பேட்டரியை வைத்தார்கள். அதற்கு வேளாவேளைக்குத் தண்ணீர், ஒழுங்கான மின்சாரம், கவனம் எல்லாம் வேண்டும். ஒரு குழந்தைக்கு வேண்டியதெல்லாம் வேண்டும். மின்வெட்டுள்ள ஊரில், பிளக் தராத குடியிருப்பில், மொபெட்டில் வரும் ஒரே ஒரு மனிதரையும் பால்கனியில் கூடையோடு நிற்கும் ஒருத்தியையும் நம்பி விற்றார்கள். இப்படி யோசித்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது. உடனே, ஆறுதலுக்காகத்தான் இப்படி யோசிக்கிறேனோ என்றும் இருக்கிறது.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. மாடம்பாக்கத்திலிருந்து ஒருவர் எங்கள் காரை வாங்க விரும்பிக் கடிதம் போட்டிருக்கிறார். பேட்டரி எல்லாம் மாற்றி ஓட்டுவாராம். பொங்கல் கழித்து வந்து பார்ப்பாராம். ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: இந்தப் பக்கத்தில் இந்தக் காரைத் தெரிந்த, நம்பிக்கையான ஆள் யாராவது இருக்கிறார்களா? கணவர் கடிதத்தை என்னிடம் கொடுத்து, "யாரும் இல்லைன்னு எழுதிடு. அவரும் ஏமாற வேண்டாம்," என்றார். நான்கு நாளாகத் தாளை எடுக்கிறேன், வைக்கிறேன்.

ஒருவர் இருக்கிறார். மேற்குத் தாம்பரத்தில், பிளாஸ்டிக் உறைக்குள் புத்தகத்தை வைத்துக்கொண்டு. அவர் கடை முகவரியை எழுதினால் ஏன் என்று கணவர் கேட்பார். சொன்னால், பொய்யை இரண்டு வருடம் வைத்திருந்தவள் என்று தெரியும். குழந்தையைப் பற்றி நான் சொல்வதைக்கூட இனி நம்புவாரா என்று பயமாக இருக்கிறது. கணவருக்குத் தெரியாமல் முகவரியை மட்டும் எழுதி அனுப்பலாம். அது இன்னொரு மறைப்பு.

படிக்கிறவர்களில் பேட்டரித் தொழில் தெரிந்தவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள். மூன்று முறை ஊற்றிய உப்புத் தண்ணீர் போதுமா, அல்லது அந்தக் கார் எப்படியும் போயிருக்குமா? அது தெரியாதவர்களும் எழுதலாம். முதலில் நான் யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும், வீட்டிலா, அந்தக் கடையிலா? எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது? பொங்கலுக்கு முன் சொன்னால் உதவியாக இருக்கும்.